கெட்டி

வெளியே மைனஸ் முப்பத்தொன்று.
தொழுவத்தில் விட்டால் விடியாது என்று
சவுனாவுக்குள் தூக்கி வந்துவிட்டேன்,
சனிக்கிழமைகளில் நாங்கள் வியர்க்கும் அறைக்கு.
அடுப்பில் இரண்டே பிர்ச் கட்டை.
மூன்றாவது வைத்தால்
கன்று வெந்துவிடும்.

பிறந்து ஆறு நாள்.
தாய்க்கு மடி வீங்கி, சீம்பாலோடு சரி.
பிறகு புட்டி, ரப்பர் காம்பு, நான்.
நேற்றுவரை காம்பைப் பிய்த்துவிடுவதுபோல் இழுத்தது.
இன்று வாய்க்குள் விரல் விட்டேன்,
ஈரத்துணிக்குள் விட்டதுபோல் இருந்தது.
நாக்கு யாரென்றுகூடக் கேட்கவில்லை.

கழுத்துத் தோலைக் கிள்ளி விட்டால்
கூடாரம் போட்டு நிற்கிறது.
ஆறு எண்ணிய பிறகுதான் படுக்கிறது.
கண்ணுக்கும் இமைக்கும் நடுவே பள்ளம்.
பின்னால், வால் முழுக்க, என் முழங்கை வரைக்கும்,
மஞ்சள் தண்ணீர்.

மருத்துவர் ரண்டலா
தொண்ணூறு கிலோமீட்டருக்கு அப்பால்
வேறொரு பசுவுக்குள் கைவிட்டபடியே பேசினாள்:
பாலை நிறுத்தாதே. நடுநடுவே
உப்பு, குளுக்கோஸ், சோடா மாவு, இரண்டு லிட்டர் வெந்நீர்.
நாலு மணிக்கு ஒரு தரம்.
தனியாகவா இருக்கிறாய்?
இல்லை என்றேன்.
அது பொய்யுமில்லை.

மாடியறையில் எஸ்கோ தூங்குகிறான்.
யோசித்துப் பாருங்கள் என்று நீதிமன்றம் தந்த ஆறு மாதத்தில்
இது நான்காவது.
டிராக்டர் அவனுக்கு. ஏரிக்கரைத் துண்டு எனக்கு.
பதினான்கு மாடுகளும் விற்பனைக்கு.
பட்டியல் நவம்பரிலேயே முடிந்துவிட்டது.
இது ஜனவரியில் பிறந்தது, பட்டியலில் இல்லை.
இருபத்தேழு வருடத்தில்
எங்கள் இருவருக்கும் பொதுவில் மிஞ்சியது
இந்தக் கழிச்சல்தான்.

குழாயை இறக்கும்போது
கழுத்தில் இரண்டு குழல்கள் கைக்குத் தட்டுப்பட வேண்டும்.
ஒன்றே ஒன்றென்றால்
நுரையீரலில் ஊற்றிக் கொல்கிறாய்.
இரண்டு.
மறுபடி தடவினேன்.
இரண்டு.
புனலை உயர்த்திப் பிடித்த கை நடுங்க
உப்புநீர் சத்தமில்லாமல் இறங்கியது.

பலகைப் படியில் எப்போது சாய்ந்தேனோ.
விழித்தபோது கருத்த மரச்சுவரில்
தச்சு வேலைச் சுண்ணக்கட்டியால் எழுதியிருந்தது:
4.10. புட்டியில் அரை லிட்டர். மீதி குழாய். 37.2.
எட்டை இரண்டு பூஜ்யமாக எழுதும் கை அது,
ஏழுக்குக் குறுக்குக்கோடு போடும் கை.
என் மேல் போர்வை எதுவும் இல்லை.
கன்றின் மேல் இருந்தது.

கீழே எழுதினேன்:
8.00. முக்கால் லிட்டர், தானாகவே. காது இன்னும் சில்லென்று.

அப்படியே இறங்கிக்கொண்டு வந்தது கணக்கு,
ஒரு வரி அவன், ஒரு வரி நான்.
யார் முதலில், ஏன், எந்த வருடத்திலிருந்து,
ஒன்றும் இல்லாத எழுத்து.
நடுவில் ஒருமுறை,
காம்பின் ஓட்டை பெரிதாகிவிட்டது, புரையேறுகிறது, மாற்று.
மாற்றினேன்.
வேறெதையும் இவ்வளவு நேராக
அவன் என்னிடம் சொன்னதில்லை,
நானும் சொன்னபடி செய்ததில்லை.

வியாழன் பின்னிரவில் மோசமாயிற்று.
தலையைப் பக்கவாட்டில் மடித்துப் போட்டுக்கொண்டது.
படியில் இருவருமே உட்கார்ந்திருந்தோம்,
அவன் மேற்படியில், நான் கீழ்ப்படியில்,
நடுவில் ஒரு வாளி.
அவன் ஒரு கட்டை எடுத்தான், பார்த்தான், திரும்ப வைத்தான்.
மூன்று ஆகக் கூடாது என்று
அவனுக்கும் தெரிந்திருந்தது.

வெள்ளி காலை, இன்னும் இருட்டுத்தான்.
மாடுகளைக் கறந்துவிட்டு வந்தேன்.
சுவரில் நேரம் இல்லை, லிட்டர் இல்லை, சூடு இல்லை.
ஒரே சொல்:
கெட்டி.
பக்கத்தில் தரையைக் காட்டி ஓர் அம்புக்குறி.

டார்ச்சோடு மண்டியிட்டேன்.
பழுப்பு நிறம். உருவம் உண்டு.
குச்சியால் தொட்டேன், குச்சி நின்றது.
நாற்பத்தொன்பது வயதில்
ஒரு சாணியின் முன்னால் உட்கார்ந்து
மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தேன்.

முதுகில் முட்டு விழுந்தது.
நான்கு காலில் நின்றது, காலெல்லாம் கோணல்.
சட்டைப் பொத்தானைக் காம்பென்று கவ்விக்கொண்டு
விடமாட்டேன் என்றது.

நாளை சனி.
சவுனாவைக் கழுவியாக வேண்டும், யார்?
என்று அவன் சொல்லுக்குக் கீழே எழுதிவிட்டு
பால் சூடாக்கப் போனேன்.